தஞ்சை நாட்டின் பழைய நிலப்படங்களும் திருச்சபை வரலாறும்

தமிழகத் திருச்சபையின் வரலாற்றை ஆராய முற்படுவோர் பெரும்பாலும் மிஷனெரிமாரின் கடிதங்களையும், நாட்குறிப்புகளையும், ஆண்டறிக்கைகளையும், ஞானஸ்நானப் பதிவேடுகளையுமே சான்றுகளாகக் கொள்கின்றனர். நிலப்படங்களை விரித்துப் பார்ப்போர் மிகச் சிலரே. பழைய நூல்களின் இறுதியில் மடித்து ஒட்டப்பட்டிருக்கும் படம் அலங்காரத்துக்காகச் சேர்க்கப்பட்டது என்ற எண்ணம் நம்மிடையே நிலவுகிறது போலும். ஆயினும், ஒரு சபை எந்த வாய்க்காலின் கரையில், எந்த ஊருக்கு எத்திசையில், எவருடைய நிலத்தின்மேல் அமைந்தது என்னும் வினாக்களுக்குக் கடிதங்கள் விடை தருவது அரிது. எழுதியவருக்கு அவையெல்லாம் நாள்தோறும் கண்ணில் பட்டவை. ஆகையால் அவற்றை எழுதாமல் விட்டார். படம் வரைந்தவரோ வேறு நோக்கத்தோடு வந்தவர். வரி, போர், பாசனம் ஆகிய மூன்றில் ஒன்று அவரை அனுப்பியது. அவர் தம் வேலைக்காகக் குறித்தவை இன்று நமக்குப் பயன்படுகின்றன. அவர் குறிக்காமல் விட்டவையும் ஒருவகையில் பயன்படுகின்றன என்பதைப் பின்னர்க் காண்போம்.

நிலத்தை அளந்து எழுதுதல் வேதாகம மாணவருக்குப் புதிய செய்தியன்று. யோசுவாவின் புத்தகம் பதினெட்டாம் அதிகாரத்தில், கோத்திரத்துக்கு மும்மூன்று பேர் சென்று நாட்டை ஏழு பங்காக எழுதிக்கொண்டுவந்த செய்தி உள்ளது. அங்கும் அளவை என்பது பங்கீட்டுக்கு முன்னோடியாகவே வருகிறது. தஞ்சை நாட்டிலும் அவ்வாறே. முதலாம் இராசராசன் காலத்தில், சுமார் கி.பி. 1001-இல், சோழநாடு முழுவதும் அளக்கப்பட்டது. வேலி, மா, காணி, முந்திரி என இறங்கி, ஒரு வேலியின் ஐயாயிரம் கோடிக்கும் மேற்பட்ட பங்கில் ஒன்று வரை கணக்கில் ஏறியது. ஒரு வேலி சுமார் ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு என்பதை நினைத்தால், அந்தப் பின்னம் ஒரு நெல்மணியிலும் சிறிய இடம் என்பது விளங்கும். மண்ணில் அதை யாரும் அளந்திருக்க முடியாது. கணக்கனின் ஏட்டில்தான் அது வாழ்ந்தது. அக்காலத்து அளவையின் பயனாகப் படம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பவை சொற்கள்: கீழெல்லை, தென்னெல்லை, மேலெல்லை, வடவெல்லை என்று நான்கு எல்லைகளையும் வாய்க்கால் பெயரோடும் வயல் பெயரோடும் விரித்துரைக்கும் கல்வெட்டுகளும் செப்பேடுகளும். அவற்றைச் சொற்களால் வரைந்த நிலப்படங்கள் என்றே கூறலாம்.

தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் ஒரு பகுதியை நம் மாணவர்கள் கவனமாகப் படித்தல் வேண்டும். கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களைக் கூறும்போது, வரிக்கு உட்படாத இடங்கள் முதலில் கழிக்கப்படுகின்றன. ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள் ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு ஆகியவையும் அவ்வரிசையில் வருகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஊர் வேறு, சேரி வேறு என்று நிலத்தின்மேல் கோடு கிழிக்கப்பட்டிருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சோழ அரசனின் கணக்கன் சேரியைப் பெயரிட்டு எழுதினான். அதனிடமிருந்து வரி வராது என்பதற்காக எழுதினான்.

ஐரோப்பியர் வரைந்த படங்களுக்கு வருவோம். தென்னாட்டின் உட்பகுதியைப் பற்றி ஐரோப்பாவுக்கு ஓரளவு நம்பத்தக்க செய்தியை அனுப்பியவர்களுள் இயேசு சபைக் குருவான பூஷே முக்கியமானவர். மதுரை மிஷனில் நெடுங்காலம் நடந்தே திரிந்த அவர் 1719-இல் எழுதிய கடிதத்தோடு அனுப்பிய படம், பின்னர் பிரெஞ்சு நிலநூலார் தான்வீல் போன்றோருக்குப் பயன்பட்டது. நம் பக்கத்தில் கூறத்தக்கது 1733-ஆம் ஆண்டு. அவ்வாண்டில் நூரன்பர்க் நகரத்து ஓமான் குடும்பத்தார் வெளியிட்ட தென்னிந்தியப் படம், தேனிய சுவிசேஷ மிஷனின் வரலாற்றைப் படிப்போரின் பயனுக்காக வரையப்பட்டது என்று தன் தலைப்பிலேயே அறிவித்துக்கொண்டது. காலே நகரத்து அறிக்கைகளைப் படித்த ஜெர்மானியக் குடும்பங்கள், தரங்கம்பாடி எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்க்க விரும்பின போலும். அதே ஆண்டில் திரெல்லுண்டு என்பவர் தரங்கம்பாடி நகரத்தின் அமைப்பைத் தனிப்படமாக வரைந்தார். அவ்வாண்டின் இறுதியில், டிசம்பர் 28-ஆம் நாள், ஆரோன் அவர்கள் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார்கள். இம்மூன்றும் ஒரே ஆண்டில் நேர்ந்தது தற்செயலே. ஆயினும், கோட்டைக்கு உள்ளே ஒவ்வொரு தெருவையும் தேனியர் அளந்துகொண்டிருந்தபோது, கோட்டைக்கு வெளியே தஞ்சை அரசரின் நாட்டுக்குள் சென்று சபைகளைக் கட்டியவர்கள் படம் எதுவும் கையில் இல்லாத தமிழ் உபதேசிமாரே என்பதை இங்கு நினைத்தல் தகும். அந்நாட்டுக்குள் எளிதாகச் செல்ல முதல் மிஷனெரிமாருக்கு வழியிருக்கவில்லை. அக்காலத்து ஐரோப்பியப் படங்களில் கடற்கரைத் துறைமுகங்கள் நெருங்கியும், உள்நாட்டு ஊர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் காணப்படுவதன் காரணமும் இதுவே. வழியறிந்த இராசநாயக்கன் போன்ற உபதேசியாரின் அறிவு காகிதத்தில் ஏறவில்லை.

தரங்கம்பாடியின் பழைய படங்கள் மற்றொரு செய்தியையும் தருகின்றன. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் இன்று அலைகளின் விளிம்பில், பெரும்பகுதியை இழந்து நிற்கிறது. இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய நகரப் படங்களை இன்றைய கரையோடு ஒப்பிட்டால், கடல் எவ்வளவு நிலத்தை விழுங்கியது என்பதைக் கணக்கிடலாம். சீகன்பால்க் 1707-இல் எழுப்பிய முதல் ஆலயம் இன்று இல்லை. 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயமே நிற்கிறது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியபின், இவ்வொப்பீடு ஆராய்ச்சியாளரின் பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்துவிட்டது.

இனி, அளவை என்று முறையாகச் சொல்லத்தக்கது 1802-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே தம் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஓர் அடிக்கோட்டைத் திருத்தமாக அளந்துவிட்டால், அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு புள்ளிக்குக் கோணம் எடுத்து, மற்ற இரு பக்கங்களையும் கணக்காலேயே அறியலாம். அப்பக்கங்களின்மேல் அடுத்த முக்கோணத்தை நிறுத்தலாம். இவ்வாறு முக்கோணங்களைக் கோத்துக்கொண்டே நாடு முழுவதையும் அளப்பது அவருடைய முறை. அதற்கென இலண்டன் கேரி என்பவர் செய்த பெரிய கோணமானி சுமார் அரை டன் எடையுள்ளது. அது கடலில் வரும்போதே பிரெஞ்சுக் கப்பலால் கைப்பற்றப்பட்டு, மொரீசியசுக்குக் கொண்டுபோகப்பட்டு, அறிவியல் கருவி என்பதால் மரியாதையோடு சென்னைக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. போர்க்காலத்தில் பகைவர் காட்டிய இப்பெருந்தன்மை தனியே எழுதத்தக்கது.

முக்கோணம் போட உயரம் வேண்டும். மைசூரிலும் சேலத்திலும் குன்றுகள் இருந்தன. காவிரிப் படுகையிலோ கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் தென்னந்தோப்பும் மூங்கிற் புதருமே. ஒரு தோப்பின் மறுபக்கம் தெரியாது. ஆகவே லாம்டன் கோயில்களின் உச்சியை நாடினார். சோழநாட்டில் ஊருக்கு ஊர் கோபுரம் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியும். 1808-இல் தஞ்சைப் பெரியகோயிலின் சுமார் 216 அடி உயர விமானத்தின்மேல் அக்கோணமானியைக் கயிறுகட்டி ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணங்கள் பொறிக்கப்பட்ட வட்டம் நெளிந்தது. எவரும் அதைக் குப்பையாகவே கருதியிருப்பர். லாம்டன் தனித்திருந்து, ஏறத்தாழ ஆறு வாரங்கள் உழைத்து, வட்டத்தைச் சிறிது சிறிதாகப் பழைய வடிவுக்கு இழுத்துச் சரிசெய்தார். அக்கருவியே பின்னும் பல ஆண்டுகள் அளவைக்குப் பயன்பட்டது. இராசராசன் தன் நாட்டை அளப்பித்து அக்கணக்கை எக்கோயிலின் சுவரில் வெட்டினானோ, அதே கோயிலின் உச்சி எண்ணூறு ஆண்டுகளுக்குப்பின் மற்றோர் அரசின் அளவைக்கு நிலையமாயிற்று. அன்று தஞ்சையில் இருந்த மன்னர் இரண்டாம் சரபோசி. 1799 உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சியைக் கம்பெனியிடம் விட்டுக் கோட்டையையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டும் வைத்திருந்தவர். சுவார்ட்சு ஐயரிடமும் கெரிக்கே ஐயரிடமும் கல்வி பெற்றவர். சரசுவதி மகாலில் ஐரோப்பிய நிலப்படத் தொகுதிகளைச் சேர்த்துவைத்தவர். நாடு கைவிட்டுப்போன மன்னர் நாடுகளின் படங்களைச் சேர்த்தார் என்பது வாசகரைச் சற்றே நிறுத்தும்.

லாம்டன் நிறுவியது எலும்புக்கூடு மட்டுமே. அதன்மேல் ஊர், வாய்க்கால், பாதை, தோப்பு ஆகிய சதையைப் பூட்டியவர்கள் யார்? மைக்கேல் டாப்பிங் 1794-இல் சென்னையில் நிறுவிய அளவைப் பள்ளியின் மாணவர்களே அவர்களுள் பெரும்பகுதியினர். இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரிக்கு அப்பள்ளியே வேர். மாணவர்கள் எழும்பூர் ஆண் அநாதை இல்லத்திலிருந்து எடுக்கப்பட்டனர். பலர் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மாருக்கும் பிறந்து, இரு பக்கத்தாராலும் ஒதுக்கப்பட்ட பிள்ளைகள். அவ்வில்லத்தை 1789 முதல் 1796 வரை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் குரு. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிப்பதையும் கண்டு அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்தி, பின் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றவர் அவரே. தமிழ்நாட்டுத் திண்ணையின் முறைப்படி எழுதக் கற்ற அநாதைப் பிள்ளைகள் தமிழ்நாட்டைப் படமாக எழுதினார்கள். கல்வி வரலாற்றில் பெல் அவர்களுக்கு உள்ள இடத்தை எல்லாரும் அறிவர். அப்பிள்ளைகள் சங்கிலியையும் கொடியையும் தூக்கிக்கொண்டு நடந்த சேற்று வரப்புகளை எவரும் எழுதவில்லை.

பாசனத்தைப் பற்றி விரிவாகக் கூற இடமில்லை. ஆயினும் அதைக் கூறாமல் தஞ்சைப் படத்தைப் படிக்க முடியாது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்லும் கொள்ளிடம் தாழ்ந்தும் நேராகவும் ஓடுவது. தெற்கே செல்லும் காவிரி உயர்ந்த தரையில் ஓடுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பு மணலால் தூர்ந்து, தண்ணீர் கொள்ளிடத்துக்கே ஓடத் தலைப்பட்டது. 1804-இல் கால்டுவெல் என்னும் படைப்பொறியாளர் கல்லணையின் உயரத்தைக் கூட்டினார் (இவர் திருநெல்வேலிக் கண்காணியார் கால்டுவெல் அல்லர், மாணவர்கள் குழம்புதல் உண்டு). அது போதவில்லை. 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும் கீழணையையும் கட்டினார். இவ்வேலை மட்டம் பார்த்து எழுதிய அளவையின்றி நடந்திருக்க முடியாது. பக்தியுள்ள கிறிஸ்தவர் என்று காட்டனை நம் பிரசங்கங்களில் எடுத்துக்காட்டுவது வழக்கம். அணை கட்டிய சில ஆண்டுகளிலேயே காவிரிக்குள் அளவுக்கு மீறி நீர் புகுந்ததால், 1840களில் மேலணையைத் தாழ்த்தவும் காவிரியின் தலைப்பில் தடுப்பு கட்டவும் வேண்டியதாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்வது அவருடைய மதிப்பைக் குறைக்காது. 2018 ஆகஸ்டில் மேலணையின் மதகுகளில் ஒன்பது வெள்ளத்தில் உடைந்தபோது, 1836-இல் அவர் தேர்ந்த இடத்தைப் பற்றி மறுபடியும் பேச்சு எழுந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட, மைலுக்கு ஓரங்குலம் என்ற அளவிலான தாள்களே நமக்கு மிகவும் பயன்படுபவை. தஞ்சாவூர் 58 என்/1 என்ற தாளிலும், கும்பகோணம் 58 என்/5 என்ற தாளிலும், மயிலாடுதுறை 58 எம்/12-லும், தரங்கம்பாடி 58 எம்/16-லும் வரும். மலைநாட்டுத் தாள்களைப் பார்த்துப் பழகியவருக்கு இவை வெறுமையாகத் தோன்றும். உயரக்கோடுகள் அருகியே காணப்படும். அதற்கு ஈடாக நீலம் நிறைந்திருக்கும். வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு என ஆறுகள் கைவிரல்போல் விரிய, அவற்றிலிருந்து வாய்க்கால்களும், வாய்க்கால்களிலிருந்து கன்னிகளும் பிரிவதைக் காணலாம். ஊர்ப் பெயர்களைப் படித்தாலே நிலத்தின் வரலாறு தெரியும். மங்கலம் என்று முடியும் பல ஊர்கள் பிராமணருக்குக் கொடுக்கப்பட்டவை. படுகை ஆற்றங்கரையில் வெள்ளம் ஏறி இறங்கும் நிலம். திடல் வயலுக்கு நடுவே உயர்ந்த மேடு. கட்டளை கோயில் திருப்பணிக்கு விட்ட நிலம். 1934-இல் மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் திறந்தபின் வந்த பதிப்புகளில், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து வறண்ட மேட்டுநிலத்தின் குறுக்கே ஒரு புதிய நீலக்கோடு ஓடுகிறது. 1926-இல் திறந்து 1980களில் மூடப்பட்ட மாயவரம் - தரங்கம்பாடி இருப்புப்பாதையைத் தேடுபவரும் இத்தாள்களைத்தான் பார்த்தல் வேண்டும்.

இங்கேதான் நம் ஆராய்ச்சிக்கு முக்கியமான ஒன்று வருகிறது. ஆலயம், கோயில், மசூதி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. தபால் நிலையத்துக்கும் பயணியர் விடுதிக்கும் எழுத்துக்குறி உண்டு. ஊரின் பெயர் ஊர்த்தெருக்களின் அருகே அச்சாகியிருக்கும். சற்றுத் தள்ளி, வயலின் நடுவே, குடிசைகளைக் காட்டும் சிறு குறிகளின் கூட்டம் ஒன்று பல இடங்களில் பெயரின்றிக் கிடக்கும். அதுவே சேரி. தஞ்சைக் கல்வெட்டு அதைச் சுடுகாட்டோடு சேர்த்தாயினும் எழுதியது. ஓரங்குலத் தாளில் எழுத இடம் கிடைக்கவில்லை. வருவாய்த் துறையின் கிராமப் படங்கள் மைலுக்குப் பதினாறு அங்குலம் என்ற பெரிய அளவில் வரையப்பட்டவை. அவற்றில் நத்தமும் சேரி நத்தமும் வெவ்வேறு புல எண்களோடு காணக்கிடைக்கும். நம் சபைகளில் எத்தனை இப்பெயரற்ற குறிகளுள் அடங்கும் என்பதை எவரேனும் எண்ணியதுண்டா? ஆலயத்துக்குள் யார் எங்கே உட்காருவது என்பதைப் பற்றி 1830களில் தஞ்சைச் சபை பிளவுபட்டதையும், 1833-இல் டேனியல் வில்சன் கண்காணியார் எழுதிய சுற்றுமடலையும் நம் மாணவர்கள் தேர்வுக்காகப் படிக்கின்றனர். ஆலயத்துக்கு வெளியே யார் எங்கே குடியிருந்தனர், அம்மனை யாருடையது என்பதைப் படிப்பார் இல்லை.

மனை யாருடையது என்பது சிறிய கேள்வியன்று. மிராசு நாட்டில் பண்ணையாளின் குடிசை நின்ற தரையே மிராசுதாரருக்கு உரியதாக இருந்தது. கூலி கூட்டிக் கேட்டவனை, ஞானஸ்நானம் பெற்றவனை, மறுநாளே குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். செங்கல்பட்டுப் பகுதியில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கூடி போன்ற மிஷனெரிமார் இதைக் கண்டு குரல் எழுப்பினர். கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் ஒதுக்கப்பட்டோருக்குத் தரிசு நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. தஞ்சைப் படுகையில் ஏறத்தாழ எல்லா நிலமும் உழவில் இருந்தமையால், கொடுக்கத் தரிசே அரிது. படத்தைப் பார்த்தால் இது தெரியும். 1920களில் அரசாங்கத்தின் தொழிலாளர் இலாகா வீட்டுமனைகளை வாங்கித் தரத் தலைப்பட்டதும் இதனால்தான். குடியிருக்கும் மனையில் குடியிருப்போருக்கே உரிமை வழங்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1971-இல்தான் வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் கூலித் தகராற்றை அடுத்து, ஒரு குடிசைக்குள் புகலடைந்த தலித் மக்கள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். நம் ஆலயங்களில் கிறிஸ்து பிறப்பு ஆராதனை நடந்த நாள் அது. படத்தில் குடிசைக்கு இடும் குறி ஓர் எள்ளளவே.

படங்களைப் பெறுவது முன்பு எளிதாயிருக்கவில்லை. கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குட்பட்ட பகுதிகளின் விரிவான தாள்கள் பல ஆண்டுகள் பாதுகாப்புக் காரணமாகத் தடுக்கப்பட்டிருந்தன. காவிரிப் படுகை ஏறத்தாழ முழுவதும் அவ்வெல்லைக்குள் அடங்கியது. 2005-ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கையும், 2021-இன் வழிகாட்டு நெறிகளும் அத்தடையைத் தளர்த்தின. பழைய படங்களைத் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், இலண்டனிலும், தேனியப் படங்களைக் கோபன்கேகனிலும், மிஷன் தொடர்பானவற்றைக் காலே நகரத்துப் பிராங்கே நிறுவனங்களிலும் தேடலாம்.

தேடுபவர் பெயர்களில் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். பதிவேட்டில் ஜெர்மானியர் தம் செவிக்குக் கேட்டபடி எழுதிய பெயர் ஒன்று. ஆங்கிலத் தாளில் அச்சான பெயர் மற்றொன்று. வருவாய்க் கிராமத்தின் பெயர் வேறொன்று. மாயவரம் 1982-இல் மயிலாடுதுறையாயிற்று. ஒரே தஞ்சை மாவட்டம் 1991-இலும் 1997-இலும் 2020-இலும் பிரிந்தது. பதிவேட்டின் பெயரை ஓரங்குலத் தாளில் கண்டபின், வட்ட அலுவலகத்துக் கிராமப் படத்தில் சேரி நத்தத்தின் புல எண்ணைப் பார்த்து, அவ்விடத்துக்கு நடந்துபோய் முதியோரிடம் கேட்டால், எத்தாளிலும் ஏறாத ஒரு பெயரைச் சொல்வார்கள். மேலத்தெரு, திடல், இன்ன வாய்க்கால் கரை என்று அது இருக்கும். அப்பெயரை எழுதிக்கொண்டு வந்து பதிவேட்டின் ஓரத்தில், புல எண்ணுக்கு அருகே, தேதியோடு குறித்துவைக்கலாம்.